சைபீரிய ரயிலில் வரும் புகை எஞ்சினுடையதா?

பனிக்காட்டுக்குள் புகைவிட்டபடி ஓடும் ரயிலைக் காட்டி, ‘மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை இன்றும் நிலக்கரி எஞ்சின்தான்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஏறக்குறைய 9,288 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை 2002-லேயே முழுவதும் மின்மயமாகிவிட்டது.

அப்படியானால் புகை? அது பயணிகள் பெட்டியிலிருந்து வருவது. பழைய வகைப் பெட்டிகளின் ஒரு முனையில் மின்சாரத்திலும் கரியிலும் இயங்கும் சிறு கொதிகலன் உண்டு. குளிர் கடுமையானால் பெட்டிப் பணியாளர் வாளியில் கரி கொண்டுவந்து அள்ளிப் போடுவார். குழாய்களில் வெந்நீர் ஓடும், பெட்டி கதகதப்பாகும். வெளியே மைனஸ் 40 டிகிரி இருந்தாலும் உள்ளே பனியனோடு உட்காரலாம். தேநீருக்கு வெந்நீர் தரும் சமோவாரும் பெட்டியிலேயே இருக்கிறது. அதையும் எஞ்சின் என்று சொல்லாதவரை சரி.