கரி இன்ஜினும் கணக்கு நோட்டும்

இரண்டு நாளாக முகநூலில் ஒரு படம் சுற்றுகிறது. புகை கக்கிக்கொண்டு வரும் கரி இன்ஜின், கீழே "அது ஒரு பொற்காலம்" என்று ஒரு வரி. எந்த ஊர், எந்த வருஷம், என்ன வகை இன்ஜின், ஒன்றும் கிடையாது. நானும் ஒரு லைக் போட்டேன். போட்ட பிறகுதான் எரிச்சல் வந்தது.

எண்பதுகளின் நடுவில், கோடை லீவு என்றால் எனக்கு நாசரேத். திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை அப்போது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். ஆச்சி வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஸ்டேஷன். பாசஞ்சர் வர அரைமணி இருக்கும்போதே போய் உட்கார்ந்துகொள்வோம். முதலில் பனைகளுக்கு மேலே புகை தெரியும். சத்தம் அப்புறம்தான். வண்டி நின்றதும் பிளாட்பாரத்தின் முன்முனைக்கு ஓட்டம். பக்கத்தில் நின்றால் முகத்தில் சூடு அடிக்கும். எண்ணெயும் ஈரக்கரியும் கலந்த ஒரு வாடை. கிளம்பும்போது சிலிண்டருக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் வெள்ளையாக ஆவி சீறும். உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றத்தான் அது என்று ரொம்பப் பின்னாடி தெரிந்தது. அன்றைக்கு எங்களை விரட்டவே டிரைவர் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தோம்.

வகை பிரிக்கத் தெரிந்திருந்தது. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிசு, பின்னால் ரெண்டு என்றால் ஒய்.பி., பாசஞ்சர் இன்ஜின். ரெண்டு, எட்டு, ரெண்டு என்றால் ஒய்.ஜி., கூட்ஸுக்கானது. ஆனால் இருப்பதை மாட்டி ஓட்டிய காலம், பாசஞ்சருக்கும் ஒய்.ஜி. வரும். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நாலு தடவை 'சுக்' கேட்கும். ஒய்.ஜி.யின் சக்கரம் சின்னது, அதே வேகத்தில் போனாலும் மூச்சு வாங்குவது மாதிரி வேகவேகமாகக் கேட்கும்.

அவற்றைக் கிழட்டு இன்ஜின்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒய்.பி.யை 1949-லிருந்து 1970 வரை செய்திருக்கிறார்கள், அதில் பலதை ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ கம்பெனியில். சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் ஆலையில் கடைசி நீராவி இன்ஜின், அதுவும் ஒரு ஒய்.ஜி., வெளியே வந்தது 1972-ல். நான் கிழவி என்று நினைத்ததில் சிலது என் அண்ணனைவிட இளையதாக இருந்திருக்கும். கரி இன்ஜினைச் சரியாகப் பராமரித்தால் நாற்பது வருஷம் ஓடும். இவற்றில் பலதை அதற்கு வெகுமுன்பே பழைய இரும்புக்குப் போட்டார்கள். அந்தப் 'பொற்காலம்' பதிவு எதிலும் இதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஒரு தடவை திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தோம். கழுத்து வெயிலில் சிவந்து கன்றிப்போயிருந்தது. சின்ன நோட்டில் இன்ஜின் எண்ணைக் குறித்தார், வாட்சைப் பார்த்தார், நேரத்தையும் குறித்தார். "ஏல, இவருக்கு வேற சோலியே இல்லியா?" என்று சிரித்தோம். அவர் நாட்டில் 1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதியோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவிப் பயணிகள் வண்டி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கேமராவும் கையுமாக உலகம் சுற்றியவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். அங்கே நாற்பதுகளிலேயே இன்ஜின் எண்களைச் சிறு புத்தகமாகப் போட்டு விற்றார்கள், பையன்கள் பார்த்த எண்ணை அடிக்கோடிட்டுக்கொள்வார்கள்.

அவரைப் பார்த்துக் காப்பியடித்து நானும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மூன்று லீவு. அந்த நோட்டை வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு ஒய்.பி.யின் கடைசி இரண்டு இலக்கம் ஞாபகம் இருக்கிறது, 47. மொத்தம் 871 ஒய்.பி. செய்தார்கள். அதில் 47-ஐ வைத்து என்ன செய்ய? நம் ஊர் இன்ஜினைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த வெள்ளைக்காரர் மாதிரி ஒருவர் எடுத்த படத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவர்கள் மேல் கோபமில்லை, அவர்களாவது எழுதினார்கள். இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

பல ஸ்டேஷன் வாசல்களில் இன்ஜினை நிறுத்திப் பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் இருந்த பலகை வகையையும் செய்த வருஷத்தையும் சொன்னது. எந்த ஷெட்டில் இருந்தது, எந்தப் பாதையில் ஓடியது, ஒரு சொல் இல்லை. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் எடுத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா, உறவில்லை, கூப்பிடுகிற முறை. ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் நான் ஏக்கமாகப் பேசினால் கோபம்தான் வரும். "நீ பிளாட்பாரத்துல நின்னு பாத்த, நான் உள்ள நின்னேன். டீசல் வந்த பிறகுதான்டா வெள்ளைச் சட்டை போட்டு டூட்டிக்குப் போனேன்" என்பார். முன்னால் நெருப்பு, பின்னால் காற்று. கரியில் சாம்பல் அதிகம், அடுப்பில் கட்டிகட்டியாக இறுகிக்கொள்ளும், நீளக் கம்பியை விட்டு உடைக்க வேண்டும். டூட்டி முடிந்தும் குனிந்தே நடந்த நாட்கள் உண்டாம். அவர் முழங்கையில் இன்னமும் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன.

போன மாசம் இணையத்தில் ஒரு படம் கிடைத்தது. திருநெல்வேலி லோகோ ஷெட், சாம்பல் குழி மேல் ஒரு ஒய்.பி. எடுத்தவர் எண், தேதி எல்லாம் போட்டிருந்தார். 47 இல்லை. போனைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இன்ஜினை அவர் பார்க்கவே இல்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார். அங்கே பாதி வெட்டுப்பட்டு ஓர் ஆள், தலையில் துண்டு, கையில் கம்பி. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், எந்த வருஷம் செத்தார் என்றும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்கு முப்பது ரூவா தரணும் இவன்" என்றார்.