பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்பு டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கிறது, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு. ஜூலை முடிவதற்குள் கணக்கும் அறிவியலும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதற்காகப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்ட பெற்றோரை நான் பார்த்ததில்லை. "எடுத்தா நல்லதுதானே சார்" என்பவர்களே அதிகம்.

இதைவிட எரிச்சலான பழக்கம் ஒன்று உண்டு. மிட்-டெர்ம் டெஸ்டில் இரண்டு பாடம் பெயில் என்றால் பையனைக் கபடி டீமிலிருந்து நிறுத்திவிடுவது. "முதல்ல மார்க் எடு, அப்புறம் ஆடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மார்க் எடுக்கிற பையனுக்குப் பள்ளியில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பேப்பர் கொடுக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சுக்காரனுக்கு அந்த கிரவுண்டை விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது? அதையும் பிடுங்கிக்கொண்டு, "இவனுக்கு ஆர்வமே இல்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் புகார் வேறு.

எங்கள் தெருவில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். வாரத்துக்கு ஒரு நாளாவது பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி வந்துவிடும். கோ-கோ டீமில் சேர்ந்தாள். குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன்னால் எவ்வளவு நடந்திருக்கிறது! அப்பாவிடம் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டு பேரில் எந்த ஒன்பது பேர் இறங்குவது என்று சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசியிருக்கிறார்கள். மார்க் பெரிதாக ஏறவில்லை, அதை மறைப்பானேன். ஆனால் அந்த வயிற்றுவலி இப்போது வருவதில்லை.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கி வந்தபோது என் டைம்லைன் முழுக்க அவர்தான். அந்த வாழ்த்துகளைப் போட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் மகளை +1-ல் கபடிக்கு அனுப்புவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஜெயித்தால்தான் விளையாட்டு, இல்லையென்றால் டைம் வேஸ்ட். கேட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம். +2 எழுதுகிறவர்களோ சுமார் 8 லட்சம் பேர். சீட்டுக்காகத்தான் ஆட வேண்டும் என்றால் கிரவுண்டை இழுத்துப் பூட்டிவிடலாம்.

(தனியார் பள்ளிப் பக்கம் வேறு கூத்து. பீஸ் கட்டினால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சிலம்பம் சுற்றி 'உலக சாதனை' மெடல். அந்தக் குழந்தைக்குச் சிலம்பம் பிடிக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

அரசுப் பள்ளிகளில் சில வருடங்களாகக் கலைத் திருவிழா நடக்கிறது. பறை, வில்லுப்பாட்டு, களிமண் சிற்பம் என்று மேடையேறும் பிள்ளைகளில் பலரை வகுப்பில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில்தான் வைத்திருப்பார்கள். பக்கக் கணக்கில் வசனம் மனப்பாடம் செய்கிறவன் எப்படி மெல்லக் கற்பவன் ஆனான்?

2018 முதல் பிள்ளைகளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த +1 பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூச்சு விட ஒரு வருடம். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகலாம், ஏழு நாள் ஏதாவது கிராமத்தில் மண்வெட்டி பிடிக்கலாம். ஆனால் +1 லீவிலேயே +2 போர்ஷன் நடத்தும் பள்ளிகள் இந்த வருடத்தைச் சும்மா விடுமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒன்று. அடுத்த கூட்டத்தில் கட்டடம், சுற்றுச்சுவர் பேசி முடித்ததும் மூன்று விஷயம் கேளுங்கள். பத்தாவதுக்கும் +2-வுக்கும் பி.டி. பீரியட் நிஜமாக நடக்கிறதா? பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை இருக்கிறதா? பிராக்டிஸ் முடித்து வருகிறவர்களுக்கு பஸ் இருக்கிறதா? எங்கள் பக்கம் 5 மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது 7 மணிக்கு. டெப்போவுக்கு மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் வேண்டும்.