காசு வாங்கினால் அது ஆராய்ச்சி இல்லை சார்

ஞாயிற்றுக்கிழமை கோட் போட்ட ஒரு டாக்டர் மண்டபம் பிடித்து, காசு கட்டி ஸ்டெம் செல் ஊசி போட்டால் நோய் குணமாகும் என்று சொல்லி டோக்கன் கொடுத்தார். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அந்தக் கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்று ஒருவர் வந்து, "பல்கலைக்கழகத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அப்புறம் சிகிச்சை எப்படிப் பொய்யாகும்? உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்டாரே, அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

ஆராய்ச்சி நடக்கிறது என்றால் விஷயம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம் சார். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017-லேயே நெறிமுறையில் எழுதிவிட்டது. ஸ்டெம் செல்லில், ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியானவைதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாகத்தான் நடக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவரிடம் ஊசிக்குக் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் அது வியாபாரம்.

"வேலூரில் பண்றாங்களே?" பண்ணுகிறார்கள். அங்கே சிஎம்சி மருத்துவமனை 1986-லிருந்து மஜ்ஜை மாற்று செய்கிறது. அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல் வழியாகச் செய்யும் மரபணு சிகிச்சையை ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2024-ல் முடிவை வெளியிட்டது. வெறும் ஐந்து பேர்! மண்டப வாசலில் டோக்கனுக்கு நின்ற வரிசையை நினைத்துக்கொண்டேன். நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்லை வருடக்கணக்கில் ஆராய்கிறார்கள். என்றைக்காவது மண்டபம் பிடித்தார்களா?

நானும் லேபில் செல் வளர்த்தவன்தான். ரோஸ் கலர் திரவம், 37 டிகிரி பெட்டி. செல்லுக்கு ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. ஒரு நாள் காலையில் திறந்தால் ரோஸ் மஞ்சளாகியிருக்கும். கிருமி புகுந்துவிட்டது, மாதக்கணக்கில் செய்த வேலை குப்பைக்கு. உதவித்தொகை வருகிறபோது வரும். அப்போதெல்லாம் "வரிப்பணத்தில் என்ன கிழிச்சீங்க?" என்று கேட்ட அதே வாய், கோட் போட்டவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கைதட்டியது.

"நம்பிக்கையைக் கெடுக்காதே" என்கிறார்கள். திருமங்கலத்தில் என் பெரியம்மா மகள். பையனுக்கு ஆட்டிசம். வெளியூரில் ஓரிடத்தில் ஊசி போட்டால் பேச்சு வரும் என்றார்கள். "நீ அதைத்தானேடா படிச்சே, போகலாமா?" என்று கேட்டாள். வேண்டாங்க்கா என்றேன். "உனக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்" என்றாள். நகை போனது, அப்புறம் தோட்டம் போனது. பையன் அப்படியேதான் இருக்கிறான். கோபமெல்லாம் என் மேல்தான். ஊசி போட்டவர் இன்னும் அவர்களுக்குத் தெய்வம். இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் எனக்குக் காபி வரும், பேச்சு வராது.

நம்பிக்கைக்கு இத்தனை லட்சம் என்று ரேட் போட்டது நானா?

பணக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறார்களாம். போகட்டும், அவர்களுக்கு விற்கத் தோட்டம் நிறைய இருக்கும்.

சரி, எனக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு: அந்த டாக்டரிடம் சிடிஆர்ஐ (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணும் எதிக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதமும் வாங்கி இங்கே கமெண்டில் போடுங்கள். இந்தப் போஸ்ட்டை எடுத்துவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், அக்காவும் இதைப் படிப்பாள்.