காசு முடிந்தால் வேலை முடிந்ததாகுமா?

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். திரையில் இரண்டு நிரல் வரும்: பௌதிக முன்னேற்றம் (எவ்வளவு வேலை நடந்தது), நிதி முன்னேற்றம் (எவ்வளவு காசு செலவானது). எல்லாருடைய கண்ணும் போவது இரண்டாவதில்தான். காசு போயிருந்தால் பாராட்டு, போகாவிட்டால் ஏச்சு. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

போன வருசம் எங்கள் கிராமச் சங்கம் ஒரு கொங்கிறீற்று வீதி வேலையை எடுத்தது. 200 மீற்றர், 40 இலட்சம் ரூபா, 10 கிழமை. ஐந்தாம் கிழமை முடிவில் பொருளாளர் கொப்பியை விரித்து, "அரைவாசி நாள் போச்சு. 20 போயிருக்க வேணும், 18தான் போயிருக்கு. 2 இலட்சம் மிச்சம்" என்றார். எல்லாருக்கும் சந்தோசம், தேத்தண்ணியும் வந்தது.

நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். கொங்கிறீற்று விழுந்திருந்தது 60 மீற்றர். 40 இலட்சத்தில் முப்பது வீதம் என்றால் 12 இலட்சத்து வேலை. 18 கொடுத்து 12 வாங்கியிருக்கிறோம்!

பொருளாளர் விடவில்லை. "கொட்டிலுக்குள்ள 150 பை சீமெந்து கிடக்கு தம்பி, அதையும் பார்" என்றார். நியாயம்தான். அந்த 3 இலட்சத்தைக் கழித்தால் செலவு 15. ஆனாலும் 15க்கு 12. இதே போக்கில் போனால் 40 இலட்ச வேலை 50இல்தான் முடியும். ஓட்டை எங்கே என்று தேடினால், மணல் டிப்பர் வராத ஆறு நாளும் மேசன்மாருக்கு நாட்சம்பளம் போயிருக்கிறது. சும்மா நின்ற மிக்சருக்கும் வாடகை.

செய்த வேலைக்கு விலை போட்டுச் செலவோடு ஒப்பிடுகிற இந்தக் கணக்குக்குப் புத்தகத்தில் 'ஈட்டிய பெறுமதி' என்று பெயர். 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பெரிய ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டதும் இந்த மாதிரிக் கணக்கைத்தான். எங்களுக்கும் புதிதில்லை. 2012இல் இங்கே வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான ஐந்தரை இலட்சமும் ஒரேயடியாகக் கைக்கு வந்ததா? இல்லையே. கட்டின அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த தவணைக் காசு. (காசு போதாமல் நகை அடைவு வைத்த கதை வேறு.)

அரசின் வருட ஒதுக்கீட்டு வேலைகளில்தான் இது தலைகீழ். காசு ஆடி, ஆவணியில் வந்து சேரும். கணக்கு டிசம்பர் 31இல் மூடும். நடுவில் வன்னி மாரி. கிரவல் டிப்பர் அச்சுவரை புதைகிற நேரத்தில், தறப்பாள் பிடித்துக்கொண்டு கொங்கிறீற்று போடுவதைப் பார்த்திருக்கிறேன். காசு திரும்பிப் போய்விடக் கூடாதே! நிதி முன்னேற்றம் 100 வீதம். அடுத்த மாரிக்கு அந்த வீதியின் ஓரம் கையோடு பெயர்ந்து வந்தது. அதற்கு எந்த நிரலிலும் இடமில்லை.

சரி, எங்கள் வீதிக்கு வருவோம். மணல் இறங்கின பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவது என்று மாற்றினோம். மிச்சம் 140 மீற்றரும் சொன்ன விலையிலேயே முடிந்தது. ஆனால் போன 3 இலட்சம் போனதுதான், சங்கத்துச் சேமிப்பிலிருந்து கட்டினோம். பொருளாளருக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல்: "முதலாம் கிழமையே அந்த நாடாவைக் கொண்டு வந்திருக்கலாமே தம்பி?"