பில்லி ஏன் செத்தான்?

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் ஒரே கதையை இரண்டு தடவை எழுதினார். தலைப்பும் ஒன்றுதான், தமிழில் 'தீ மூட்ட' என்று வைத்துக்கொள்வோம். 1902இல் சிறுவர்களுக்கான பத்திரிகை ஒன்றில் வந்த முதல் கதையில், கடும் குளிரில் தனியாகப் புறப்படும் இளைஞன் கால் நனைந்து, நெருப்பு மூட்ட முடியாமல் தடுமாறி, கடைசியில் எப்படியோ மூட்டிப் பிழைத்துவிடுகிறான். இனிமேல் துணையில்லாமல் போகக் கூடாது என்ற பாடமும் அவனுக்குக் கிடைக்கிறது. 1908இல் அதே கதையைத் திரும்பக் கையில் எடுத்தார். இந்த முறை ஆளுக்குப் பெயர் இல்லை, கூடவே ஒரு நாய் வருகிறது. ஆள் செத்துப்போகிறான்.

இன்றைக்கு எல்லோரும் வாசிப்பது இரண்டாவதைத்தான். முதலாவதை ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாரும் தேடுவதில்லை. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது கதை நடப்பது கனடாவின் யூகொன் பகுதியில். குளிர் மைனஸ் 75 பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 59 செல்சியஸ். (பஸ்ஸில் ஏசி கொஞ்சம் கூடினாலே துவாயை எடுத்துத் தலையில் போடுகிற நமக்கு அது வெறும் எண்.) சுள்ளி ஒடிக்க வசதி என்று ஒரு ஸ்புரூஸ் மரத்தடியில் அவன் நெருப்பு மூட்டுகிறான். ஒவ்வொரு சுள்ளியையும் இழுக்கும்போது மரம் மெல்ல ஆடுகிறது. உச்சிக் கிளையில் சேர்ந்திருந்த பனி சரிந்து கீழ்க் கிளையில் விழ, அதுவும் பாரம் தாங்காமல் சரிய, மொத்தமும் நெருப்பின் மேல் கொட்டுகிறது. மரத்துக்கு அவன் மீது கோபமில்லை. பனிக்கு அவன் அங்கே இருப்பதே தெரியாது. பிறகு, விரல்கள் விறைத்துப்போனதால், உள்ளங்கைகளின் அடிப்பகுதியில் 70 தீக்குச்சிகளையும் ஒன்றாக இடுக்கி ஒரே தடவையில் பற்றவைக்கிறான். தன் சதை எரியும் மணம் அவனுக்கே எட்டுகிறது. இவ்வளவும் செய்தும் ஒன்றும் சரிவரவில்லை. நாய் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, சாப்பாடும் நெருப்பும் தருகிற வேறு ஆட்களைத் தேடிப் போய்விடுகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கடலிலோ காட்டிலோ மாட்டிக்கொண்டு பிழைத்து வந்த படம் ஒன்று வந்துவிட்டால் போதும், 'மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம்' என்று பதிவுகள் வரிசையாக வந்து விழுகின்றன. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அப்படியென்றால் செத்தவர்களுக்கு மன உறுதி போதவில்லையா? பிழைத்தவனைத் தூக்கிவைக்கிற ஒவ்வொரு வரியும் செத்தவன் மீது ஒரு பழியைப் போட்டுவிட்டுத்தான் போகிறது. எழுதுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான ஸ்டீபன் கிரேன் அதைக் கவனித்தவர். 1897 ஜனவரியில் அவர் கியூபாவுக்குப் போய்க்கொண்டிருந்த கொமடோர் என்ற கப்பல் புளோரிடாக் கரைக்கு அப்பால் மூழ்கியது. மூன்று பேருடன் அவரும் ஒரு சின்னஞ்சிறிய படகில் தப்பினார். அந்த அனுபவத்தை அதே வருடம் 'திறந்த படகு' என்ற கதையாக எழுதினார். படகில் காயம்பட்ட கப்டன், சமையல்காரர், ஒரு நிருபர், கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் தொழிலாளி பில்லி. கரை கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் ஆட்கள்கூடத் தெரிகிறார்கள், ஒருவன் கோட்டைச் சுழற்றிக் காட்டுகிறான். அவன் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறானா, சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துக் கையசைக்கிறானா என்று படகில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் நால்வரும் அலைக்குள் குதிக்கிறார்கள். மற்ற மூவரும் கரை சேர, நால்வரில் பலசாலியான, எல்லோருக்கும் முந்தி நீந்திப் போன பில்லி மட்டும் செத்துப்போகிறான்.

ஏன் பில்லி? கிரேன் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே சொல்வதற்கு. இயற்கைக்குத் தான் ஒரு பொருட்டே இல்லை என்று தெரியவரும்போது மனிதனுக்குக் கோவிலின் மேல் கல்லெறியத் தோன்றுமாம், ஆனால் கல்லும் இல்லை, கோவிலும் இல்லை என்று அந்தக் கதையில் ஓரிடம் வருகிறது. கோபத்தை வைக்க ஓர் இடம்கூட இல்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட மாத்தறை ரயில் தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவில் நின்றது. முதல் அலைக்குப் பயந்து அக்கம்பக்கத்துச் சனமும் ஓடிவந்து ரயிலில் ஏறியது, அதன் மறைவில் நின்றது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவ்வளவு பாரமான பெட்டிகளைவிடப் பாதுகாப்பான இடம் அங்கே வேறு என்ன இருந்தது? அடுத்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே தண்டவாளம்தான் இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவே ஓடுகிறது, பின்னேரத்தில் நாங்கள் குறுக்கே கடந்து கடற்கரைக்குப் போகிறோம். பெரலியவில் நின்றவர்களைவிட வெள்ளவத்தையில் இருந்தவர்கள் புண்ணியவான்களும் இல்லை, கெட்டிக்காரர்களும் இல்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் உடைந்தது, அலை கிழக்கிலிருந்து வந்து தெற்கே வளைந்து அடித்தது, கொழும்புக்கு ஏறும்போது பலம் குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

இது நமக்குச் செமிக்கக் கஷ்டமான விஷயம். இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிற தற்குறிப்பேற்ற அணிக்குப் பள்ளிக்கூடத்தில் உதாரணம் எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது கோட்டைக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டும், வையை பூக்களைப் போர்த்துக் கண்ணீரை மறைக்கும். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே சுனாமியைப் பற்றியும் எழுதப் போனால், கடலம்மா கோபித்தாள், தண்டித்தாள் என்று கவிதை கவிதையாக வந்து கொட்டும். கொட்டியது.

கணியன் பூங்குன்றன் வேறு மாதிரி யோசித்தவர். 'யாதும் ஊரே'யை மேடைக்கு மேடை முழங்குகிற நாம் அதோடு நிறுத்திவிடுகிறோம். கல்லில் மோதிப் பாயும் பேராற்றில் நீரின் போக்கில் போகிற புணையை, அதாவது தெப்பத்தை, போன்றது உயிர் என்று அவர் பிறகு சொல்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவுதான் முக்கியம்: 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. கரை சேர்ந்த புணையைப் பார்த்து வாயைப் பிளக்காதே, கவிழ்ந்ததை இளக்காரமாகப் பார்க்காதே. பில்லியின் கதைக்கு இதைவிட நல்ல உரை நான் வாசித்ததில்லை.

சரி, இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, லேசில் தள்ளிவிட முடியாத மறுப்பு. நம்மூர் முற்போக்கு விமர்சகர்கள் யதார்த்தவாதத்தைக் கொண்டாடிய அளவுக்கு, கிரேனும் லண்டனும் எழுதிய இயற்பண்புவாதத்தை (naturalism) கொண்டாடவில்லை. மனிதனைப் பரம்பரையும் சூழலும் தள்ளுகிற பக்கம் போகிறவனாக மட்டும் காட்டினால், அவன் எதை எதிர்த்து எழும்புவான் என்பது அவர்கள் கேள்வி.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. மலைக்கு யார் மீதும் பகை இல்லை, அது உண்மை. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளியின் லயன் அந்தச் சரிவில் இருந்ததற்கு மலையா பொறுப்பு? இங்கே கல்லெறியக் கோவில் இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. இதையும் 'இயற்கை அனர்த்தம்' என்று ஒரே கோப்பில் போட்டு மூடினால், கிரேனும் லண்டனும் காட்டிய இயற்கையின் அலட்சியத்தை ஆட்கள் தங்கள் வசதிக்குக் கடன் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

மீரியபெத்தயை ஒருவர் நாவலாக எழுதினால் மலைக்கு இரண்டு பக்கம் போதும் என்பேன். அது சரியட்டும், லண்டனின் பனி மாதிரி ஒருவரையும் பார்க்காமல் சரியட்டும். மிச்சப் பக்கங்கள் எல்லாம் 2005க்கும் 2014க்கும் நடுவில் நடக்க வேண்டும்: எழும்பிப் போங்கள் என்றால் எங்கே போவது, காணி யார் தருவது, போகிற இடத்திலிருந்து விடிய வேலைக்கு எப்படி வருவது. அப்படி ஒன்று ஏற்கெனவே வந்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், தேடி எடுத்து வாசிக்கிறேன்.