ஹோகன் மட்டும் காரணமில்லை

1980-களில் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்த நிறுவனத்தின் நட்சத்திரமான ஹல்க் ஹோகனின் புகழ்தான் அமெரிக்காவின் வட்டார மல்யுத்த நிறுவனங்களைச் சாய்த்தது என்று ஒரு கட்டுரை முடிக்கிறது. அது பாதி உண்மைதான். அந்த நிறுவனங்களின் உயிர்நாடி, உள்ளூர் டிவியில் வாரம் ஒரு மணி நேரம். அந்த நிகழ்ச்சி விளம்பரம் மாதிரி. காசு வந்தது அரங்க டிக்கெட்டில். பகையை டிவியில் மூட்டுவார்கள், தீர்க்கும் சண்டையை அரங்கில் வைப்பார்கள். டிவி நேரம் போனால் அரங்கு காற்று வாங்கும். டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மெக்மான் பிடித்தது இந்த நரம்பைத்தான். நிலையங்களுக்குப் பணம் கொடுத்தே நேரத்தை வாங்கினார். 1984 ஜூலை 14 முதல் ஜார்ஜியா வட்டார நிறுவனத்துக்கு டிபிஎஸ் கேபிள் சேனலில் இருந்த சனிக்கிழமை மாலை நேரமும் அவர் கையில்; அந்த நிறுவனத்தின் பங்குகளையே வாங்கிவிட்டார். விற்றவர்களில் அங்கேயே புகழ்பெற்ற மல்யுத்த வீரர்களான பிரிஸ்கோ சகோதரர்களும் இருந்தது இன்றும் வலிக்கிறது.

இன்னொரு வட்டார முதலாளி ஜிம் கிராக்கெட் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். 1987 நவம்பரில் அவருடைய பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட், கேபிளில் காசு கட்டிப் பார்க்கும் வகையில் நடந்த அதே நாளில், மெக்மான் தன் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியை வைத்தார். ஸ்டார்கேடைக் காட்டினால் தன்னுடைய மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா அடுத்த முறை கிடையாது என்று கேபிள் நிறுவனங்களை நெருக்கினார்; பெரும்பாலானவை பணிந்தன. பில் வாட்ஸின் யுடபிள்யூஎஃப் என்ற வட்டார நிறுவனத்தை கிராக்கெட் வாங்கிய செலவும் அதே ஆண்டில்தான். 1988-ல் கிராக்கெட் தன் நிறுவனத்தை, டிபிஎஸ் முதலாளி டெட் டர்னரிடம் விற்றுவிட்டார்.