புது ஆசிரியருக்கு முதலில் ஓர் இடம் கொடுங்கள், வாழ்த்து பிறகு சொல்லலாம்

ஜனவரி பிறந்தால் என் முகநூல் முழுக்க, இங்கே மொரிசியஸில் புதிதாகத் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தவர்களின் நியமனக் கடிதங்கள்தான். கடிதத்தைக் கோயிலில் வைத்துப் பூசை செய்த படம், அப்பா அம்மாவோடு நின்ற படம், கீழே வரிசையாக வாழ்த்துகள். நானும் போடுகிறேன், சந்தோஷமாகத்தான் போடுகிறேன். சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கும்போது அதே பிள்ளைகளில் யாராவது ஒருத்தி இன்பாக்ஸில் வருவாள். "அக்கா, இந்த வேலை எனக்குச் சரிப்படாது போலிருக்கு."

பாடம் நடத்தத் தெரியாமல் அப்படிச் சொல்வதில்லை. மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்துப் பயிற்சி முடித்து வந்தவர்கள். பிள்ளைகள் படுத்துகிறார்கள் என்றும் பெரும்பாலும் சொல்வதில்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் கடைசியில் ஒன்றுதான் வெளியே வரும்: அந்தப் பள்ளியில் அவளுக்கு ஆள் இல்லை.

புது ஆசிரியர் நிலைப்பாரா ஓடிப்போவாரா என்பதற்கு அவருடைய நெஞ்சுறுதியை அளந்து பார்ப்பது நம்முடைய கெட்ட பழக்கம். போய்ச் சேர்ந்த பள்ளி அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டதா என்று முதலில் கேளுங்கள். அது தானாக நடக்காது. தலைமை ஆசிரியர் உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

மொரிசியஸுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு ஜி.பி. ஆசிரியர், அதாவது பொதுப்பாட ஆசிரியர், இருப்பார். ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு எல்லாம் அவர் கையில். வகுப்பறை அவருடையது, சுவரில் ஒட்டிய படங்கள் அவருடையவை, பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகள். நாங்கள் 'ஓரியண்டல்' ஆசிரியர்கள், அதாவது கீழை மொழிகள் நடத்துகிறவர்கள். தமிழ்ப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்தி எடுத்தவர்கள் ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தமிழ், தெலுங்கு, மராத்தி, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல் என்று ஆளுக்கொரு திசை. தமிழுக்கு வரும் பிள்ளைகள் குறைவு என்றால் அறையும் கிடைக்காது. நூலகத்தின் மூலை கிடைக்கும், அங்கே யாராவது புத்தகம் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வராந்தாவில் பாடம் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். பை ஒரு தோளில், சார்ட் சுருள் அக்குளில், சுண்ணாம்புக்கட்டி பையின் ஓரத்தில் என்று நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவர்கள் நாங்கள்.

பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வந்த பெண்ணுக்கு அப்படியில்லை. ஆசிரியர் அறையில் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாமல் ஒன்றில் உட்கார்ந்தால், "அது மதாமுடைய இடம்" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மறுநாளிலிருந்து அவள் தேநீர் வேளையில் அந்த அறைக்குப் போகமாட்டாள். நூலக மூலையிலேயே உட்கார்ந்து தால் பூரியைத் தின்றுவிட்டு நோட்டுத் திருத்துவாள். "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று எல்லோரும் சொல்வார்கள்.

இன்னொரு சங்கடத்தை நாம் வெளியே பேசுவதே இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பள்ளியிலும் கோயிலிலும் மட்டும் கேட்கிற மொழி. வரும் புது ஆசிரியரும் பெரும்பாலும் அதே வீடுகளிலிருந்து வந்தவர்தான். அவரும் தமிழைப் படித்துத்தான் கற்றவர். அதனால் பாடத்தில் ஓர் ஐயம் வந்தால் அதை வாய்விட்டுக் கேட்கவே பயம். பிள்ளைகள் ர, ற இரண்டையும் பிரெஞ்சுக்காரர் போலத் தொண்டையிலிருந்து உச்சரிக்கிறார்கள், முதல் வாரத்திலேயே திருத்துவதா, பிறகு பார்த்துக்கொள்வதா? எழுத்தை அ, ஆ என்று தொடங்குவதா, வரைய எளிதான ட, ப, ம என்று தொடங்குவதா? குறிலும் நெடிலும் காதில் வித்தியாசப்படாத பிள்ளைக்கு என்ன விளையாட்டு வைப்பது? இவை நல்ல கேள்விகள். வருஷக்கணக்கில் வகுப்பில் நின்றவர்களுக்கே இவற்றில் ஒருமித்த பதில் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் அவள் ஒருத்திதான் என்றால் யாரிடம் கேட்பாள்?

வாட்ஸாப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். விடிந்தால் ரோஜாப் பூவும் முருகன் படமும் வரும். போன வருஷம் ஒரு புதுப் பெண் அந்தக் குழுவில் ட, ப, ம பற்றிக் கேட்டாள். வந்த முதல் பதில் அவள் எழுத்துப்பிழையைத் திருத்தியது. அதற்கு நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதன்பிறகு அவள் குழுவில் ஒன்றும் எழுதி நான் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் மேல், நம் வேலை தொடங்குகிற காலமும் அப்படி. ஜனவரியில் பள்ளி திறக்கிறது, அதுவே சூறாவளிக் காலம். எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடும், கனமழை என்றாலும் மூடும். நடுவில் தைப்பூசக் காவடி, அரசு விடுமுறை. விரதம் இருக்கிற வீடுகளில் அந்த நாட்களில் பாடத்தைப் பற்றி யார் நினைப்பார்கள். அடுத்து மார்ச் 12, சுதந்திர தினம், அதற்குக் கொடியேற்றம். அது முடிந்தால் வருஷப்பிறப்பு. புது ஆசிரியருக்கு ஒரு முழு வாரம் ஒழுங்காகக் கிடைப்பதற்குள் பள்ளித் தவணையே முடிந்துபோகும். "நீங்கதானே புதுசு, இளசு, ஆட்டம் பாட்டம் எல்லாம் தெரியுமே" என்று வருஷப்பிறப்பு நிகழ்ச்சி முழுவதையும் அவள் தலையில்தான் கட்டுவோம். கோலம், கும்மி, வரவேற்புரை, புடவைக்கு ஊசி குத்துவதுவரை அவள்தான். அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வராத பள்ளி, நிகழ்ச்சியில் ஒலிவாங்கி கரகரத்ததை மட்டும் நன்றாகப் பார்த்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் வருஷம் எந்த விழாப் பொறுப்பையும் புது ஆசிரியரிடம் கொடுக்கக் கூடாது. உதவிக்கு நிற்கலாம், நடத்தக் கூடாது. கலாச்சாரத்தை வளர்க்கிறோம் என்று சொல்லி ஆசிரியரைத் தொலைக்கிறோம்.

இங்கிலாந்தில் 2021 முதல் ஒரு முறை இருக்கிறது. புது ஆசிரியருக்குப் பயிற்சிக் காலம் இரண்டு வருஷம். முதல் வருஷம் பாடவேளையில் 10 சதவீதம் குறைப்பார்கள், இரண்டாம் வருஷம் 5 சதவீதம். அந்த நேரத்தில் அவர் வழிகாட்டியோடு உட்கார வேண்டும், மற்றவர் வகுப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே குறைகளும் நிறைய, ஒரேயடியாகப் படிவம் நிரப்ப வைக்கிறார்கள் என்று ஆசிரியர்களே புலம்புகிறார்கள். ஆனால் அதில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். கைகொடுக்கிற வழிகாட்டி வேறு, மதிப்பீடு எழுதுகிறவர் வேறு.

நம் ஊரில் இரண்டும் ஒரே ஆள். பின் வரிசையில் நோட்டுப்புத்தகத்தோடு வந்து உட்காருகிற அதே பெரியவர்தான் "ஏதாவது கஷ்டமா அம்மா, மனசு விட்டுச் சொல்லு" என்றும் கேட்பார். அவள் எங்கே சொல்வாள்? "எல்லாம் நல்லபடியா போகுது சார்" என்பாள். அவரும் நல்லபடியாகப் போகிறது என்று எழுதிக்கொண்டு போவார். குறிப்பு எழுதாத ஒருவர், அவளைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருவர், வாரத்தில் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்தால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.

ரிச்சர்ட் இங்கர்சால் என்ற அமெரிக்க ஆய்வாளர் புது ஆசிரியர்கள் ஏன் போகிறார்கள் என்று நெடுங்காலம் பார்த்தவர். தன் பாடத்தையே நடத்துகிற வழிகாட்டியும், சக ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் திட்டமிட நேரமும் கிடைத்தவர்கள் மற்றவர்களை விட அதிகமாக நிலைத்தார்கள் என்று அவரும் சக ஆய்வாளரும் 2004இல் எழுதினார்கள். நமக்கு இடிக்கிற இடம் 'தன் பாடத்தையே நடத்துகிற' என்பது. ஒரு பள்ளிக்கு ஒரு தமிழ் ஆசிரியர் என்றால் அந்த வழிகாட்டிக்கு எங்கே போவது? பக்கத்துப் பள்ளிக்குத்தான். போ பசேன், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் மூன்று ஊரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஊர் வந்துவிடும், இப்போது மெட்ரோவும் ஓடுகிறது. இந்தச் சின்னத் தீவில் தூரத்தைக் காரணம் சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான்.

வழிகாட்டி தமிழ் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்றும் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். எனக்கு வகுப்பு நடத்தக் கற்றுக்கொடுத்தது பக்கத்து அறை இந்தி ஆசிரியை. அவருடைய பிள்ளைகளும் கிரியோல் பேசுகிற பிள்ளைகள்தான், வீட்டில் பாட்டி மட்டும் போஜ்பூரி பேசுவார். என் கஷ்டம் அத்தனையும் அவருக்கு எழுத்து மட்டும் மாறி இருந்தது. காத்தோ பிமா என்கிற பருப்பு வடை வாங்கி வந்து பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னைக்கு எந்தப் பையன்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே தேநீர் வேளைக்குக் காத்திருப்பேன்.

இப்போது அந்த மாதிரிப் பழக்கம் குறைந்துவிட்டதாகப் படுகிறது. காரணம் தலை எண்ணுகிற வியாதி. 2012இல் கிரியோல் விருப்பப் பாடமாக வந்தது. பிள்ளை தமிழ் எடுக்கலாம், கிரியோல் எடுக்கலாம், பெற்றோர் விருப்பம். அது நியாயம்தான்; பிள்ளை பேசுகிற மொழிக்குப் பள்ளியில் இடம் கொடுத்தால் நான் ஏன் வருந்த வேண்டும்? ஆனால் எண்ணிக்கை குறைந்தால் நம் இடம் போய்விடும் என்ற பயம் ஆசிரியர் அறைக்குள் புகுந்துவிட்டது. உனக்கு எத்தனை பேர், எனக்கு எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அறையில் புதிதாக வருகிறவளை முதலில் போட்டியாகத்தான் பார்ப்பார்கள். தலைமை ஆசிரியர் நினைத்தால் இதை மாற்றலாம். எண்ணிக்கைப் பேச்சைத் தன் அறையோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஓரியண்டல் ஆசிரியர் அத்தனை பேரையும் தவணைக்கு ஒருமுறையாவது ஒன்றாக உட்காரவைத்துப் பாடத்தைப் பற்றி மட்டும் பேசவைக்கட்டும்.

புது ஆசிரியருக்குத் துணை நிற்பதைக் கோயில்கள் செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் இல்லையென்றால் இந்த நாட்டில் தமிழ் இவ்வளவு தூரம் வந்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவள் தினமும் காலையில் போய் நிற்பது பள்ளி வாசலில். ஒரு பெற்றோர் வந்து "இந்த மிஸ்ஸுக்கே தமிழ் சரியா வரலை" என்று குரலை உயர்த்தும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். "வாங்க, மிஸ்ஸையும் வச்சுக்கிட்டே பேசலாம்" என்று அவர் சொன்னால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும். "நான் விசாரிக்கிறேன்" என்று பெற்றோரிடம் தனியாகச் சொல்லி அனுப்பினால், மதியத்துக்குள் சமையல்கார அம்மா வரை செய்தி போயிருக்கும்.

"நாங்களெல்லாம் யார் துணையும் இல்லாமல்தான் வந்தோம்" என்று சொல்கிற மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மை, வந்தீர்கள். உங்களோடு அதே வருஷம் சேர்ந்து இரண்டே வருஷத்தில் வங்கி வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போனவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப் போவதில்லை. அவர்களில் சிலர் நம்மைவிட நல்ல ஆசிரியர்களாக ஆகியிருப்பார்கள்.

நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த தவணையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டபிறகு ஒரு மணி நேரம், ரோஸ் ஹில் பக்கம். வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகாத தமிழ் ஆசிரியர்கள் வரலாம், இந்தி, உருது, தெலுங்கு ஆசிரியர்களும் வரலாம். வருகைப் பதிவு கிடையாது, படம் எடுத்து முகநூலில் போடுவதும் கிடையாது. அவரவர் வகுப்பில் அந்த வாரம் சொதப்பிய ஒரு பாடத்தைக் கொண்டு வந்தால் போதும், தேநீர் எங்கள் செலவு. வர நினைப்பவர்கள் கீழே உங்கள் ஊரை மட்டும் எழுதுங்கள், பள்ளியின் பெயர் வேண்டாம். தெற்கே ரோஸ் பெல், மாஹேபூர் பக்கம் இதே போல் ஒன்று தொடங்க மூத்தவர் யாராவது முன்வந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், முதல் இரண்டு முறை நாங்களும் வந்து உட்காருகிறோம்.